கேரளா சிம்மும் அக்காவின் குரலும்

என் அக்காவின் குரலைத் தொலைத்தவன் நான். தொலைத்ததோடு நின்றிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். தொலைத்தவள் அவள்தான் என்று அவளையே நம்பவைத்தேன்... இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்கிற தைரியத்தில்தானே சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஆமாம், அந்தத் தைரியத்தில்தான்!

அக்கா பெயர் ரோசலி. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சீசனில் ஏலக்காய் எடுக்க மலை ஏறும் பெண்களில் அவளும் ஒருத்தி. அவர்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து எஸ்டேட்டுகளுக்குப் போகும் ஜீப்புகளில் ஒன்றை அவள் கணவர், என் மச்சான், ஓட்டுகிறார். ஜீப் கிளம்பினதுமே அக்கா பாடத் தொடங்கிவிடுவாள். எழுதிவைத்துப் பாடுவதில்லை. கண்ணில் பட்டதெல்லாம் பாட்டு.

"ஏறுதடி ஜீப்பு வண்டி, எட்டுப்பேரு சீட்டுல... இருவது பேரு குந்திருக்கோம் ஏலக்காயி ரோட்டுல!"

மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டே பின்பாட்டுப் பாடுவார்கள். கங்காணியைக் கிண்டல் செய்து ஒன்று, அட்டைப்பூச்சியைத் திட்டி ஒன்று, மச்சான் கியர் போடுகிற அழகைப் பற்றி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதே குரல் வேறு மாதிரி நிற்கும். கோயிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்துகிறவனும் ஒரு நிமிடம் உள்ளே எட்டிப் பார்ப்பான்.

அந்தக் குரலுக்குத்தான் வந்தது கேடு.

கழுத்தில் கட்டி. ஆபரேஷன் செய்யாமல் விடமுடியாது என்றார்கள் மதுரையில். குரலுக்குப் போகும் நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது, தொடாமல் எடுக்கப் பார்ப்போம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று முன்கூட்டியே விளக்கிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

ஊர் திரும்பியதும் அக்கா என்னிடம் செல்போனை நீட்டினாள்.

"ஏலே ஜெரோமு, கொரலு மாறிப்போகலாம்னு டாக்டரு சொன்னாகல்ல... இதுல இத்தன வருசமா நாம் பாடுன பாட்டெல்லாம் கெடக்கு. இதையெல்லாம் எங்கனயாச்சும் பத்திரமா வையி. ஜெனி பெருசானா போட்டுக் காட்டணும். ஒங்காத்தா இப்பிடிப் பாடுனான்னு."

ஜெனி அவள் மகள். அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. தாய்ப்பாலுக்கு அடுத்தபடி அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது அம்மாவின் தாலாட்டுதான். அந்தத் தாலாட்டும் போனுக்குள் இருந்தது.

பத்திரமாக வை... இந்த வேலையைத் தேனியில் படித்து முடித்த கம்ப்யூட்டர் எஞ்சினியரிடம் ஒப்படைத்தாள். போடியிலும் கம்பத்திலும் கடைக்காரர்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கிறவனிடம்! எங்கள் தெருவில் யார் போன் உறைந்துபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் எப்படிப் பெருமைப்பட்டேன் தெரியுமா?

மற்றவர்கள் செய்வதைச் செய்திருந்தால் போதும். எல்லோர் போனிலும் தானாகவே இருக்கிற அந்தப் பெரிய கம்பெனியின் சேமிப்பிலேயே பாட்டெல்லாம் பாதி ஏறியிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் மீதியும் ஏறியிருக்கும். வேலை முடிந்தது!

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அப்போது தனியுரிமை என்கிற பித்தில் இருந்தேன். நம் படங்களைக் கம்பெனிக்காரன் பார்க்கிறான், நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அக்காவின் பாட்டை எவனோ ஒருவனுடைய எந்திரம் மேய்வதா? விடுவேனா!

பேருந்தில் போகும்போதும் வரும்போதும் அதே ஆராய்ச்சி. எந்த நாட்டுச் சட்டம் கடுமையானது, எந்தக் கம்பெனியின் பூட்டு உடையாதது, எவன் எவ்வளவு இடம் தருகிறான்... கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே வைப்பதை நம் போனிலேயே பூட்டித்தான் எடுத்துக்கொள்ளும். சாவி நம்மிடம் மட்டும். கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும் திறக்க முடியாது!

மச்சானிடம் இதை விளக்கினேன். ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அவனாலயே தெறக்க முடியாதா?"

"முடியாது மச்சான். அதான் விசேசமே."

"சாவி தொலஞ்சா?"

"தொலைக்க மாட்டோம்ல."

"என்னமோப்பா... பூட்டு ரிப்பேருக்காரனும் இல்லாத ஊர்ல வீடு கட்டுற. பாத்துச் செய்யி மாப்ள."

சிரித்தேன். ஸ்பேனர் பிடிக்கிற மனிதருக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று சிரித்தேன்... அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இனி சிம் விஷயத்துக்கு வருகிறேன். கணக்குத் திறக்கும்போது ஒரு போன் எண் கேட்டது. உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்காது. ஜீப் மலை ஏறியதும் நம் சிக்னல் செத்துப்போகும். அதனால் எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் எல்லோரிடமும் இரண்டாவதாக ஒரு கேரளா சிம் இருக்கும். சீசன் இருக்கும்வரை ரீசார்ஜ். சீசன் முடிந்தால் அப்படியே போட்டுவிடுவார்கள். எண் செத்தாலும் கவலையில்லை. அடுத்த சீசனுக்கு வேறொன்று வாங்கிக்கொள்வார்கள்.

பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்திருந்தும் அக்காவின் கேரளா எண்ணைத்தான் கொடுத்தேன்! தெரியாமல் அல்ல, யோசித்தே கொடுத்தேன். ஊர் எண்ணை வங்கியிலிருந்து ரேஷன் கடைவரை எல்லோரிடமும் கொடுத்திருக்கிறோம். கேரளா எண் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத எண்தானே பாதுகாப்பு?

என்ன ஒரு மூளை!

பாட்டெல்லாம் ஏறியது. பிறகு துடைக்கத் தொடங்கினேன். பெரிய கம்பெனியின் சேமிப்பில் இருந்ததை அழித்தேன். அக்காவின் போனில் இருந்ததை அழித்தேன். "ரெண்டு எடத்துல இருந்தா ரெண்டு ஓட்ட மச்சான்" என்று அவர் போனில் இருந்ததையும் அழித்தேன். என் லேப்டாப்பை நான் அடிக்கடி சுத்தமாகத் துடைத்துப் புதிதாக்குகிறவன். அதில் இருந்த பிரதியும் அப்படியே போனது. சாவி தொலைந்தால் உதவும் என்று கம்பெனி காட்டிய மீட்புக் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். எடுத்து எங்கே வைத்தேன் தெரியுமா? மிகவும் பாதுகாப்பான இடம் என்று அந்தச் சேமிப்புக்குள்ளேயே வைத்தேன்! சிரிக்கவேண்டும் போலிருந்தால் சிரியுங்கள்...

அக்கா அதற்கு ஒரு பெயர் வைத்தாள். பாட்டுப் பொட்டி. அவள் போனில் அது திறந்திருந்தவரை தினமும் தொட்டுப் பார்ப்பாள்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி போய்விட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கண் விழித்து அவள் முதலில் எதையோ சொன்னபோது காற்று மட்டும்தான் வந்தது.

கொஞ்ச நாளில் சரியாகலாம் என்றார்கள். பயிற்சி கொடுத்தார்கள். காற்று, கிசுகிசுப்பாக மாறியது. அதற்குமேல் ஏறவில்லை. மின்விசிறி ஓடினால் அவள் பேச்சு அதில் கரைந்துவிடும். மலைக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டுக்கொண்டாள். ஜெனியைத் தூங்கவைக்கும்போது பாட்டுப் பொட்டியைத் திறந்து, தாலாட்டை ஓடவிட்டு, முதுகில் தட்டிக்கொண்டே உதட்டை மட்டும் அசைப்பாள். குழந்தை தாயின் உதட்டையே பார்த்தபடி தூங்கும். பாடுகிறாள் என்றே அது நினைத்திருக்கவேண்டும்.

இப்போது சொல்லப்போவதுதான் என் குற்றம். இதுவரை சொன்னதெல்லாம் முட்டாள்தனம்.

ஒருநாள் மத்தியானம் லேப்டாப்பில் வேலையாக இருந்தேன். காதில் ஹெட்போன். ஆனால் அதில் எதுவும் ஓடவில்லை. தொந்தரவு செய்யாதீர்கள் என்பதற்காகப் போட்டுக்கொள்வது என் வழக்கம். அக்கா ஒரு கிண்ணத்தில் பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுக் குனிந்து சொன்னாள்.

"ஜெரோமு... அந்தக் கேரளா சிம்மு முடியப்போகுது. மலைக்குந்தான் போறதில்லையே, விட்ரவா? பாட்டுப் பொட்டிக்கு அது வேணுமாலே?"

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது! பாட்டுப் பெட்டிக்கு அது வேண்டுமா என்று, எஞ்சினியரான எனக்குத் தோன்றாததை, அவளே எண்ணிப்பார்த்து வந்து நின்றாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம்க்கா, விட்ரு" என்றேன். ஒருமுறை பதிந்தாயிற்று, இனி எண்ணுக்கு என்ன வேலை என்று நினைப்பு. நினைப்பா? அதுகூட இல்லை. வாய் சொன்னது. விரல் தட்டச்சு செய்துகொண்டிருந்தது.

மாதங்கள் போயின. அக்காவின் பழைய போன் அடிக்கடி அணைந்துபோக, கம்பத்தில் ஒரு கடையில் மாற்றிப் புதிது வாங்கினோம். பழையதைக் கொடுக்குமுன் அதிலிருந்த எல்லாவற்றையும் நானே துடைத்தேன். கடைக்காரன் கையில் அக்காவின் படங்கள் சிக்கலாமா? தனியுரிமை!

புதிய போனில் பாட்டுப் பெட்டியைத் திறக்கப் போனேன். பாஸ்வேர்டு சரி. அடுத்த திரை வந்தது. புதிய கருவியில் நுழைகிறீர்கள், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்...

எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. அக்கா விட்டுவிட்ட அந்தக் கேரளா எண்!

யாரிடமும் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு திராட்சைத் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி போயிற்று! உயிரோடு இருக்கிறது! ஒரு ஆண் குரல் எடுத்தது.

"ஹலோ, ஆரா?"

எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் கொட்டினேன். "சேட்டா, ஈ நம்பர் முன்பு எங்கள் அக்காவோடது... இப்போ ஒரு ஓடிபி வரும், அது மட்டும் பறயணும்..."

"ஓடிபியோ?" குரல் மாறிவிட்டது. "ஒரு ஓடிபியும் பறயில்லா! இனி விளிச்சால் போலீஸில் பறயும்!"

மறுபடி கூப்பிட்டால் போலீஸில் சொல்வதாக மிரட்டி வைத்துவிட்டார். அவர் செய்ததில் என்ன தப்பு? ஓடிபி கேட்கிறவன் திருடன், யார் கேட்டாலும் சொல்லாதே என்று எங்கள் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்தானே!

நிதானம் இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். எனக்கு எப்போது இருந்தது நிதானம்? மறுபடி அடித்தேன். மறுபடி ஓடிபி அனுப்பச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. நண்பன் போனிலிருந்து அடித்தேன். மறுபடி ஓடிபி. அன்று முழுக்க, மறுநாள் முழுக்க... அந்த மனிதர் என்ன பயந்தாரோ, சிம்மையே கழற்றி எறிந்துவிட்டார் போலிருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து அந்த எண் மணியே அடிக்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம், மீட்புக் குறியீடு இல்லாமல் எங்களாலும் திறக்க இயலாது, வருந்துகிறோம். எதைச் சொல்லி மச்சானிடம் பெருமை பேசினேனோ அதுவே!

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மச்சான், அக்கா இருவரும் இருக்கும்போது உட்கார்ந்து சொன்னேன்... சொன்னேன் என்றா எழுதுகிறேன்? பாதிதான் சொன்னேன்.

"அந்தக் கேரளா நம்பருக்குத்தான் ஓடிபி போகுது மச்சான். அந்த சிம்மு செத்துப்போச்சு. அத ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டா அக்கா."

மச்சான் உடனே தன் போனை எடுத்தார். "நம்பரச் சொல்லு மாப்ள. எவன்ட்ட இருந்தா என்ன, நான் பேசுறேன். முப்பது வருசமா மலையாளத்துக்காரக கூடத்தான பொழப்பு." அடித்துப் பார்த்தார். எண் உபயோகத்தில் இல்லை என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் சொல்லிற்று. நான் முந்திக்கொண்டு அந்த மனிதரை விரட்டாமல் இருந்திருந்தால், மச்சான் ஒரே போனில் அவரைச் சிரிக்கவைத்து வாங்கியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு அந்தக் காற்றுக் குரலில் சொன்னாள்.

"நான் ஒன்ட்ட வந்து சொன்னேனேலே... நீதான விட்ருன்ன?"

இங்கே நான் ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆமா என்று. ஒரு சொல்!

மச்சான் முகத்தைப் பார்த்தேன். ஜீப்புக்கு அடியிலிருந்து நீண்ட தலையும் நான் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தன. எஞ்சினியர், எஞ்சினியர் என்று தெரு கூப்பிட்டது நினைவுக்கு வந்தது...

"எப்பக்கா? எனக்குக் கேக்கவே இல்லையே" என்றேன். அவள் வாய் திறந்தாள். அதற்குள் அடுத்ததையும் சொன்னேன். "நீ சொல்லியிருப்பக்கா, நான் இல்லேங்கல. சத்தம் வந்திருக்காது. நான் வேற எவன்ட்டயோ போன்ல பேசிக்கிட்டு விட்ரு கிட்ருன்னுருப்பேன்."

எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள். கொஞ்சமும் தடுக்கவில்லை. அவளிடம் இல்லாமல் போனதையே எடுத்து அவள்மீது வீசினேன். நல்ல குரல் இருந்த நாளாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பாள். "ஏலே, பொய் சொன்னா நாக்கு அழுகிப்போகும்லே" என்று கத்தியிருப்பாள். இப்போது அவளால் மறுக்கக்கூட முடியாது...

மச்சான் பெருமூச்சு விட்டார். "அதான் சொல்லிக்கிட்டே இருக்கேன் ரோசலி. கையத் தட்டிக் கூப்பிட்டுட்டுச் சொல்லு, கையத் தட்டிக் கூப்பிட்டுட்டுச் சொல்லுன்னு."

அக்கா கழுத்துத் தழும்பைத் தடவினாள்.

"ஆமா... கேட்டிருக்காது" என்றாள்.

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. நான் தப்பித்தேன்!

ஜீப்பில் கூட வந்த பெண்களிடம் கேட்டுப் பார்த்தோம். ஒருத்தியின் போனில் சில நொடிகள் இருந்தன. அதில் எஞ்சின் இரைச்சலும் சிரிப்பும்தான் அதிகம். கோயில் பாட்டுக்குழுவின் பதிவுகளில் எல்லோர் குரலும் கலந்து கிடக்கிறது. அக்கா அதைக் காதருகே வைத்து, இதோ இதுதான் நான் என்று ஒரு இடத்தில் விரல் வைப்பாள். எனக்கே பிரித்தறிய முடியவில்லை. தாலாட்டு எங்குமே இல்லை.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். எந்தப் பொய், யாரிடம், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று... எதையும் சொல்லவில்லை. சாமியார் ஜெபங்கள் சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் காட்டாத பாவத்தை அவர் எப்படி மன்னிப்பார்? அங்கேயும் ஏமாற்றிவிட்டே எழுந்தேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று. நண்பர்கள் இன்னமும் என்னிடம் வந்து, எந்த கிளவுட் நல்லதுடா, வீட்டுப் படங்களை எதில் வைக்கலாம் என்று கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன்! மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வேறிடத்தில் வை, மாறாத எண்ணைக் கொடு, ஒரு பிரதியைப் பென்டிரைவில் கையில் வைத்துக்கொள், முதலில் திறந்து பார்க்காமல் எதையும் அழிக்காதே. அருமையான ஆலோசனை. எங்கே கற்றாய் என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அக்காவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எதைச் சொன்னாலும் முடிவில் "கேட்டுச்சா?" என்கிறாள். பால்காரரிடம், தைக்கத் துணி கொண்டுவரும் பெண்களிடம், மச்சானிடம்... ஒவ்வொரு வாக்கியத்துக்கும். எதிரில் இருப்பவர் தலையை ஆட்டும்வரை விடுவதில்லை. முன்பெல்லாம் இப்படிக் கேட்கமாட்டாள். கிசுகிசுப்பாக இருந்தாலும் தன் பேச்சின்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அதையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் ஜெனியின் பள்ளியில் விழாவுக்குப் பாட்டுக் கேட்டிருந்தார்கள். நான்கு வயதுக் குழந்தை. "அம்மா பாட்டுத்தான் பாடுவேன்" என்று பிடிவாதம். அக்கா தாலாட்டின் சொற்களைக் காதில் ஓதிக் கற்றுக்கொடுத்துவிட்டாள். ராகத்தை எப்படிக் கொடுப்பது? தொடையில் தாளம் தட்டினாள். கையை உயர்த்தினாள், தாழ்த்தினாள். குழந்தை விழித்தது.

என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"நீ எம்புட்டு வாட்டி கேட்டிருக்க. அந்த ராகத்த இவளுக்குப் பாடிக் காட்டுலே. கேட்டுச்சா?"

பாடினேன். எனக்குப் பாட்டு வராது. நினைவிருந்தவரை இழுத்தேன். நடுவில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் சாயல் வந்து ஒட்டிக்கொண்டது. அக்கா தலையை அசைத்தாள். அப்படியில்லை. மறுபடி பாடினேன். அப்படியும் இல்லை. வாயைத் திறந்து அவளே ஒரு முறை முயன்றாள். காற்றுப் போயிற்று.

ஜெனிக்கு அதெல்லாம் தெரியவில்லை. என் தப்பான ராகத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். கையைக் கட்டி, கண்ணை மூடி, உரக்கப் பாடினாள். தாயின் கணீரென்ற தொண்டை அந்தக் குழந்தைக்கு வாய்த்திருக்கிறது. ராகம் மட்டும் என்னுடையது.

அக்கா திருத்தவில்லை. பாடி முடித்ததும் கட்டிக்கொண்டாள். குழந்தையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"நான் மட்டும் அந்த சிம்ம விடாம இருந்திருந்தா... கேட்டுச்சா?"

தலையை ஆட்டினேன்.